பிரேக் பிடித்தால் கார் உதறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு), பின்னால் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற உருளை). நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த அமைப்புதான். இங்குள்ள பதில்களும் அதை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டி என்றால் எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி உதறுகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எதையும் கழற்ற வேண்டாம். வண்டியில் ஏறி, காலியான நேராக உள்ள சாலையில் 90 கி.மீ. வேகத்துக்குப் போய், பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள். அப்போதே ஸ்டீயரிங் ஆடுகிறதா? ஆடினால் கோளாறு பிரேக்கில் இல்லை. டயர், ரிம், வீல் பேலன்சிங் பக்கம் போங்கள். பிரேக்கில் கால் வைத்ததும் ஆரம்பித்து, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் மட்டுமே இந்தப் பக்கத்தின் மற்ற கேள்விகள் உங்களுக்கு.

சாதாரணமாகத் தோன்றும் இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் வீணான டிஸ்க்குகள் கொஞ்சநஞ்சமல்ல. வண்டியைக் கொடுக்கும்போது நாம் “பிரேக் பிடிச்சா ஆடுது” என்று சொல்கிறோம். மெக்கானிக் “டிஸ்க் மாத்தணும்” என்கிறார். பிரேக் பிடிக்காமல் போனாலும் ஆடுமா என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

ஸ்டீயரிங் ஆடுவது, சீட் ஆடுவது, பெடல் துடிப்பது எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. எங்கே உணர்கிறீர்கள் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஸ்டீயரிங் இடமும் வலமுமாக ஆடினால் சந்தேகம் முன் சக்கரங்கள் மேல். ஸ்டீயரிங் அமைதியாக இருக்க, சீட்டிலும் இடுப்பிலும் அதிர்வு தெரிந்தால் பின் சக்கரங்கள். பெடலே காலைத் தள்ளித் தள்ளி விட்டால், டிஸ்க்கின் தடிமன் சுற்று முழுவதும் ஒரே அளவாக இல்லை அல்லது டிரம் வட்டமாக இல்லை என்று பொருள். தடித்த பகுதி பேடுகளுக்கு (டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கட்டைகள்) நடுவே நுழையும்போது, அவற்றை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும், ஆயில் உங்கள் காலைத் தள்ளும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தள்ளல்.

ஸ்டீயரிங் பலமாக ஆடுகிறது, பெடல் மட்டும் அசையவில்லை என்றால்? டிஸ்க்கை விட சஸ்பென்ஷன் புஷ்களையே (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் மெத்தைகள்) நான் முதலில் பார்ப்பேன். அதைப் பற்றிக் கீழே தனியாகவே எழுதியிருக்கிறேன்.

80, 90 வேகத்தில்தான் உதறுகிறது. 40-க்குக் கீழே வந்தால் மறைந்துவிடுகிறது. ஏன்?

14 அங்குல ரிம் போட்ட ஒரு ஹேட்ச்பேக்கின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய 1.8 மீட்டர் நகரும். 100 கி.மீ. வேகத்தில் அது வினாடிக்கு 15 சுற்று. டிஸ்க்கில் ஒரு தடித்த இடம் இருந்தால் வினாடிக்கு 15 தட்டு. காரின் முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் இயல்பாகவே ஆடத் துடிக்கும் வேகம் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னப் பிள்ளை கை பட்டாலும் உயரமாகப் போகுமல்லவா? அதே கதைதான். வேகம் குறைந்ததும் தாளம் தப்பிவிடுகிறது, ஆட்டம் அடங்குகிறது. டிஸ்க்கில் உள்ள குறை அப்படியேதான் இருக்கும், உங்கள் கைக்குத்தான் தெரியாது.

“டிஸ்க் வளைஞ்சிருச்சு” என்கிறார் மெக்கானிக். உண்மையிலேயே வளையுமா?

சூட்டில் டிஸ்க் அப்பளம் மாதிரி கோணிக்கொள்கிறது என்பதுதான் பட்டறைகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். வார்ப்பிரும்பு அவ்வளவு எளிதில் கோணாது. அன்றாடம் ஓடும் கார்களில் நடப்பது பெரும்பாலும் வேறு: டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இல்லாமல் போகிறது. அதுவும் எவ்வளவு? 0.015 அல்லது 0.02 மி.மீ. வித்தியாசமே ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய கால் பங்கு. கண்ணால் பார்த்து, விரலால் தடவி இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. “பார்த்தாலே தெரியுது சார், வளைஞ்சிருக்கு” என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

தடிமன் மாற இரண்டு வழிகள். ஒன்று, அதிகமாகச் சூடான பேட் தன் பொருளைத் திட்டுத்திட்டாக டிஸ்க்கில் ஒட்டிவிடுவது. இன்னொன்று, டிஸ்க் லேசாகப் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே சுற்றுவது. ஆடும் டிஸ்க், நீங்கள் பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டே போகும். பல ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். உதறல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

புது டிஸ்க், புது பேட் போட்டேன். ஐந்தாறாயிரம் கிலோமீட்டரில் மறுபடி உதறுகிறது. பாகம் டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

என் ஒன்பது வருட ஹேட்ச்பேக்குக்கு ஒரு பணிமனையில் முன் டிஸ்க் இரண்டையும் மாற்றினார்கள். வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது. ஏழாவது மாதம் மறுபடி ஆட்டம். பாகம் சரியில்லை என்றார்கள், கம்பெனிப் பாகமே வாங்கி மாற்றினேன். மறுபடி அதே கதை. கடைசியில் லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் டிஸ்க்கைச் சீவுவதற்குக் கொண்டு போனேன். அவர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, டிஸ்க்க மாத்தி மாத்திப் போட்டீங்களே, அது உக்கார்ற இடத்தப் பாத்தீங்களா?” என்று கேட்டார்.

பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. டிஸ்க் போய் உட்காரும் ஹப்பின் (சக்கரத்தையும் டிஸ்க்கையும் தாங்கிச் சுற்றும் மையப்பகுதி) முகத்தில் துரு பொருக்குப் பொருக்காகப் படிந்திருந்தது. பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு, புதியதை அந்தத் துருவின் மேலேயே மாட்டி நட்டை இறுக்கியிருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹப் முகத்தின் விட்டம் 130 மி.மீ., டிஸ்க்கின் விட்டம் 240 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஹப்பின் ஓரத்தில் ஒரு பக்கம் 0.05 மி.மீ. துரு இருந்தால், டிஸ்க்கின் விளிம்பில் ஆட்டம் ஏறக்குறைய 0.09 மி.மீ. கிட்டத்தட்ட இரு மடங்கு. பெரும்பாலான சிறிய கார்களுக்கு அனுமதிக்கப்படும் ஆட்டம் 0.05 முதல் 0.1 மி.மீ.க்குள்தான். புது டிஸ்க் மாட்டிய அன்றே எல்லைக்கோட்டில் நிற்கிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, தடிமன் இன்னும் சீராகத்தானே இருக்கிறது! ஆடி ஆடி ஓரிடம் தேய்ந்த பிறகுதான் தெரியும். அதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும், பழி பாகத்தின் மேல் விழும்.

கம்பி பிரஷ், உப்புத்தாள், பத்து நிமிடம். டிஸ்க் மாற்றும்போது ஹப் முகத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். போல்ட்டுகளின் அடிவாரத்தைச் சுற்றியுள்ள துருவையும் விட்டுவிடக் கூடாது. பிரஷ் எட்டாத இடம் என்பதால் அங்கேதான் அது ஒளிந்துகொள்கிறது.

அப்படியென்றால் டிஸ்க்கை எப்படி அளக்க வேண்டும்?

இரண்டு கருவிகள் போதும்.

மைக்ரோமீட்டர்: விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் தடிமனை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எட்டு எண்களில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் தேடுவது. வெர்னியர் காலிப்பர் இதற்கு உதவாது. அது 0.02 மி.மீ. வரைதான் காட்டும், டிஸ்க்கின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் மேட்டிலும் போய் இடித்துக்கொள்ளும்.

டயல் கேஜ்: காந்த ஸ்டாண்டை ஸ்டிரட்டில் (சக்கரத்தின் மேலுள்ள ஷாக் அப்சார்பர் தூண்) ஒட்டவைத்து, கேஜின் நுனியை டிஸ்க்கில் படவைத்து, டிஸ்க்கை வாஷரோடு நட் போட்டு இறுக்கிவிட்டு, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். முள் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். அளவுக்கு மீறி ஆடினால் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி அளக்கலாம். ஹப்பின் கோணலும் டிஸ்க்கின் கோணலும் ஒன்றையொன்று சமன் செய்யும் இடம் சில நேரம் கிடைத்துவிடும். எங்கே மாட்டினாலும் ஆட்டம் போகவில்லையென்றால், டிஸ்க் இல்லாமல் ஹப் முகத்தையே அளந்து பாருங்கள். குழியில் பலமாக விழுந்த வண்டிகளில் ஹப்போ பேரிங்கோ அடிவாங்கியிருக்கும்.

பணிமனையில் டயல் கேஜ் இருக்குமா என்று கேட்காதீர்கள். இருக்கும், அலமாரிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். எடுத்துவரச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

லேத்தில் சீவினால் போதுமா? புதுசு வாங்க வேண்டுமா?

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சீவி முடித்த பிறகும் அந்த அளவுக்கு மேலே, இன்னும் கொஞ்சம் தேய்வதற்கும் மிச்சம் இருந்தால் சீவலாம். இல்லையென்றால் யோசிக்காமல் புதுசு. மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, விரைவில் மறுபடி உதறும்.

சீவியும் பயனில்லாத ஒரு நிலை உண்டு. மிகையாகச் சூடான டிஸ்க்கில் நீலமும் கருப்புமாகத் திட்டுகள் தெரிந்தால், அங்கே வார்ப்பிரும்பே கெட்டிப்பட்டிருக்கலாம். அந்த இடம் மற்ற இடங்களை விட மெதுவாகத் தேயும். இன்று சமமாகச் சீவினாலும் நாலு மாதத்தில் அது மட்டும் மேடாக நிற்கும்.

தனி லேத்தில் சீவுவதை விட, டிஸ்க் வண்டியில் இருக்கும்போதே சீவும் இயந்திரம் உங்கள் ஊரில் கிடைத்தால் அதுவே மேல். ஹப்பின் கோணலையும் சேர்த்துச் சரிசெய்துவிடும். எப்படியானாலும் இடது வலது இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள்.

பஞ்சர் ஒட்டிய பிறகுதான் ஆரம்பித்தது. சம்பந்தம் இருக்குமா?

நிறையவே இருக்கிறது. பஞ்சர் கடையில் ஏர் கன்னை வைத்து “டர்ர்ர்” என்று ஒரே மூச்சில் நட்டுகளை இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் நட் முழு இறுக்கம், எதிரே உள்ளது இன்னும் தளர்வு. இப்படி இறுக்கினால் டிஸ்க் ஹப்பில் கோணலாக அமர்ந்துவிடும், நட்டுக்கு நட்டு இறுக்கமும் மாறும். சிறிய கார்களுக்கு வேண்டிய இறுக்கம் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள். உங்கள் காரின் சரியான எண் உரிமையாளர் கையேட்டில் இருக்கும்.

சக்கரத்தைக் கழற்றிய யாரிடமும் “கையால நட்டு போட்டு, நட்சத்திர வாக்குல இறுக்குங்கண்ணே” என்று சொல்லுங்கள். ஒரு நட், அடுத்து அதற்கு எதிரே உள்ளது. முதல் சுற்றில் பாதி இறுக்கம், சக்கரம் தரையில் இறங்கிய பிறகு முழு இறுக்கம். நானே 50 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்ப்பேன். மிகையான எச்சரிக்கை என்று வீட்டில் சிரிப்பார்கள். நட் தளர்ந்து ஆடிய சக்கரத்தை ஒருமுறை பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

ஊட்டி போய் வந்தோம். இறங்கி வந்ததிலிருந்து உதறல்.

மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1900 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1100 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது விட வேண்டிய ஆற்றல் சுமார் 20 மெகாஜூல். அதே கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக் விழுங்குவது சுமார் 0.42 மெகாஜூல். அதாவது ஊட்டியிலிருந்து இறங்குவது, 100-லிருந்து கிட்டத்தட்ட ஐம்பது முறை முழுதாக நிற்பதற்குச் சமம். காற்றும் டயர்களின் உருளலும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி: எஞ்சினா, டிஸ்க்கா?

எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை இடைவிடாமல் லேசாக மிதித்தபடி வராமல், தேவையான இடத்தில் அழுத்திப் பிடித்து வேகம் குறைத்துவிட்டு முழுதாக விட வேண்டும். டிஸ்க்குக்கு மூச்சுவிட அந்த இடைவெளிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வால்பாறையின் 40 வளைவுகளையும் நியூட்ரலில் இறங்கி டீசலை மிச்சம் பிடித்ததாகப் பெருமைப்படுபவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சேமிப்பு எல்லாம் டிஸ்க் வாங்கும் கடைக்குப் போய்விடும். பிரேக்கே பிடிக்காமல் போகும் ஆபத்து அதைவிடப் பெரியது.

இன்னும் இரண்டு தவறுகள். அடிவாரத்தில் சூடான வண்டியை நிறுத்தி பெடலை அழுத்திப் பிடித்தபடியே இருப்பது. பேட் படிந்த இடத்தில் அச்சு விழுந்துவிடும். அடுத்தது, உடனே வாட்டர் வாஷ். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று கொல்லரைக் கேட்டால் சொல்வார். அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

பேட் பொருள் திட்டாக ஒட்டியதால் வந்த உதறல் என்றால், சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுவதிலேயே தேய்ந்து போய்விடுவதும் உண்டு. ஊட்டியிலிருந்து வந்த மறுநாளே டிஸ்க் மாற்றக் கிளம்ப வேண்டாம்.

சீட்டில் மட்டும் அதிர்வு தெரிகிறது. பின் டிரம்மை எப்படிச் சோதிப்பது?

கைப்பிடி ஹேண்ட்பிரேக் உள்ள, பின்னால் டிரம் இருக்கும் கார்களுக்கு மட்டும் இது. ஆளில்லாத மைதானத்தில், நேராக, 25, 30 கி.மீ. வேகத்தில் போய், ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக இழுங்கள். கேபிள் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். விட்டுவிட்டுப் பிடிப்பதுபோல வண்டி ஆடினால் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. மின்பொத்தானில் இயங்கும் ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் இதை முயலவே வேண்டாம். பின்னாலும் டிஸ்க் உள்ள சில கார்களில் ஹேண்ட்பிரேக்குக்குத் தனி டிரம் இருப்பதால், சோதனை எதையும் சொல்லாது.

டிரம்மையும் லேத்தில் சீவலாம். அதில் பொறித்திருப்பது அதிகபட்ச உள்விட்டம். அதைத் தாண்டக் கூடாது.

டிஸ்க் அளந்தாயிற்று, சரியாக இருக்கிறது. ஆனாலும் ஸ்டீயரிங் ஆடுகிறது.

லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) புஷ். பிரேக் பிடிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ். அது கிழிந்திருந்தால் சக்கரம் முன்னும் பின்னும் ஊசலாடும். பிரேக் பிடிக்கும் கணத்தில் கீழிருந்து ஒரு “டக்”, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒரு சத்தம், பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் இதுதான் என்று ஏறக்குறைய உறுதி. லிஃப்டில் ஏற்றிக் கம்பி கொடுத்து நெம்பினால் கிழிசல் வாயைப் பிளந்து காட்டும்.

சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் இணைப்புகளான பால் ஜாயின்ட், டை ராட் என்ட், அவற்றோடு வீல் பேரிங் ஆகியவற்றையும் அதே லிஃப்டில் பார்த்துவிடலாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமுமாக. எந்தப் பக்கமும் தளர்வு இருக்கக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தளர்ந்த புஷ் உதறலை உண்டாக்குவதோடு நிற்காமல், இருக்கிற சின்ன உதறலைப் பெரிதாக்கியும் காட்டும். புது காரில் கைக்கே தெரியாத டிஸ்க் குறை, லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் ஸ்டீயரிங்கைப் பிடுங்கும். இரண்டும் சேர்ந்திருக்கும் வண்டிகள் நிறைய. அதனால் புஷ் மாற்றியதும் “முக்கால்வாசி போயிடுச்சு” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

ஒரு சக்கரம் மட்டும் நெருப்பாகக் கொதிக்கிறது.

காலிப்பர் ஜாம். பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. காலிப்பர் நகரும் பின்கள் கிரீஸ் வற்றி இறுகியிருக்கும், இல்லையென்றால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கும். கருகல் வாடை, வண்டி ஒரு பக்கம் இழுப்பது, மைலேஜ் குறைவது எல்லாம் அடையாளம். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். கொஞ்சம் தள்ளிக் கையைக் காட்டினாலே அனல் தெரியும். பின்களைச் சுத்தம் செய்து, அதற்கென்றே உள்ள சூடு தாங்கும் கிரீஸ் போட்டால் பல நேரம் சரியாகிவிடும். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பி மறுபடி இறுகும். இதைச் சரிசெய்யாமல் டிஸ்க் மட்டும் மாற்றினால் அதுவும் வெந்துபோகும்.

திடீரென்று அழுத்தி மிதித்தால் பெடல் “கடகட”வென்று துடிக்கிறது.

மழையிலோ மணலிலோ, சடன் பிரேக்கில் மட்டும் என்றால் அது ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும் சத்தம். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கும் புதிய கார்களுக்கு அது கட்டாயம். பயந்து காலை எடுக்காதீர்கள், இன்னும் அழுத்துங்கள். காய்ந்த சாலையில், மெதுவாகப் பிடிக்கும்போதும் அப்படித் துடித்தால் வீல் சென்சாரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதம் ஓட்டாமல் வைத்திருந்தேன். எடுத்ததும் உதறுகிறது.

டிஸ்க்கில் துரு. பேட் மூடியிருந்த இடம் ஒரு மாதிரி, மழைக்காற்று பட்ட இடம் ஒரு மாதிரி. சில நாள் என்றால் நாலைந்து பிரேக்கில் தேய்ந்துவிடும். மாதக்கணக்கில், அதுவும் கடலோர ஊரில் நின்றிருந்தால் பேட் இருந்த அச்சு குழியாகவே பதிந்துவிடும். 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் நின்ற கார்களைப் போல, சக்கரம் மூழ்கிய எந்த வண்டிக்கும் டிஸ்க் மட்டுமல்லாமல் காலிப்பர், டிரம், பேரிங் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல், முதல் கியரில் வைத்து சக்கரத்துக்குக் கல் கொடுங்கள்.

மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே துருப் பிரச்சினை வரும். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க்குக்கு வேலையே இல்லை. வாரம் ஒருமுறை நல்ல வேகத்திலிருந்து நாலைந்து தடவை பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள்.

நிற்கப் போகும் கடைசி நொடியில் மட்டும் வண்டி குலுங்குகிறது.

கிளட்ச் மிதித்தீர்களா? மூன்றாவது கியரில், 15 கி.மீ. வேகம் வரை கிளட்ச் மிதிக்காமல் பிரேக் மட்டும் பிடித்தால் எஞ்சின் மூச்சுத் திணறிக் குலுக்கும். புதிதாக ஓட்டுபவர்கள் பலர் இதை பிரேக் கோளாறு என்று நினைக்கிறார்கள். கிளட்ச் மிதித்தும் குலுங்கினால் எஞ்சின் மவுன்ட்டைப் பாருங்கள்.

பிரேக் ஆயில் மாற்றினால் போகுமா?

போகாது. ஆயில் கெட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், உதறாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஆனால் உதறலுக்காக மாற்றாதீர்கள்.

வெளியில் வாங்கிய அலாய் வீல் போட்டிருக்கிறேன்.

ரிம்மின் நடுத்துளை ஹப்பில் கச்சிதமாக உட்கார்கிறதா என்று பாருங்கள். துளை பெரிதாக இருந்தால் நடுவே வளையம் போட வேண்டும். பழைய ஸ்டீல் ரிம்மின் நட்டுகளையே அலாய்க்கும் போட்டிருந்தால் அதையும் சரிபாருங்கள். நட்டின் சரிவும் துளையின் சரிவும் பொருந்தாவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் நடுவில் நிற்காது.

புது பேட் போட்டதும் என்ன செய்ய வேண்டும்?

போக்குவரத்து இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்து 10 வரை குறையுங்கள். முழுதாக நிற்க வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு மறுபடி. இப்படிப் பத்து முறை. பேடின் பொருள் டிஸ்க் முழுவதும் சீரான படலமாகப் படியும். முதல் 200, 300 கி.மீ. வரை சடன் பிரேக்கைத் தவிருங்கள். அவசரம் வந்தால் நிச்சயம் மிதியுங்கள், உயிருக்கு முன்னால் பேட் பெரிதில்லை.

உதறலோடு ஓட்டலாமா?

பல மாதமாக மெல்ல மெல்லக் கூடிவந்த லேசான ஆட்டம் என்றால் நிதானமாகப் பணிமனை வரை ஓட்டலாம். திடீரென்று நேற்று இன்று ஆரம்பித்தது, பெடல் கீழே இறங்குகிறது, இரும்போடு இரும்பு உரசும் சத்தம், ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் ஓரமாக நிறுத்துங்கள். முதலில் வீல் நட்டுகளைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் முட்டை போல வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணிமனையில் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

“பிரேக் ஆடுது” என்று மட்டும் சொல்லாதீர்கள். “90-லிருந்து பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது, பெடலும் துடிக்கிறது, 40-க்குக் கீழே இல்லை. பிரேக் பிடிக்காமல் போனால் ஆடவில்லை. போன மாதம் பஞ்சர் ஒட்டினேன்” என்று எழுதியே கொடுங்கள். ஜாப் கார்டில் அந்த வரிகள் ஏறுகிறதா என்று பாருங்கள்.

டிஸ்க் மாற்ற வேண்டும் என்று போன் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்போதுள்ள தடிமன் எவ்வளவு? டயல் கேஜ் எவ்வளவு காட்டியது? மாட்டும் முன் ஹப் முகத்தைத் தேய்ப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு எதிர்முனையில் கொஞ்சம் மௌனம் வந்தால், வேலை நடக்கும்போது நேரில் போய் நின்றுகொள்ளுங்கள். உப்புத்தாளை நீங்களே வாங்கிக்கொண்டு போனாலும் தப்பில்லை. நான் அப்படித்தான் போனேன். அந்த மூன்றாவது ஜோடி டிஸ்க் இப்போது 40,000 கி.மீ. தாண்டிவிட்டது.